வெள்ளகோவில் பக்கத்தில் நான் சொன்ன கிணற்றுக் கதை

ஈரோட்டில் ரயிலை விட்டு இறங்கியபோது என் தோல்பையில் பன்னிரண்டு பாடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று பகுதி. முதலில் வேதத்திலிருந்து ஒரு கதை. அடுத்தது, அந்தக் கதைக்குள் கிறிஸ்து எங்கே நிற்கிறார் என்பது. மூன்றாவதற்கு நான் இட்ட தலைப்பு ‘திங்கட்கிழமை’. ஞாயிறன்று கேட்ட கதையை வைத்துக்கொண்டு மறுநாள் காலை வயலிலும் அடுப்படியிலும் ஒருவர் என்ன செய்யவேண்டும் என்று அதில் நாலைந்து வரி எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் சபையார் இந்தத் ‘திங்கட்கிழமை’யை மெச்சிப் பேசினார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

பாடங்களை அச்சிட ஒப்புக்கொண்டவர் கோயமுத்தூரில் இருந்த ஒரு போதகர். அச்சுக்குப் போகுமுன் கிராமத்துச் சபைகளில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், விளங்காத இடங்களைத் திருத்திக்கொள்ளலாம் என்று கடிதம் எழுதியிருந்தார். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் விடுமுறை. கடலைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை.

ரயிலடியில் எனக்காகக் காத்திருந்தவர் உபதேசியார் மாசிலாமணி. கிராமத்துச் சபைகளைப் பார்த்துக்கொள்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒல்லியான உடம்பு, வெளுத்த கோட்டு, செருப்பில்லாத கால். என் பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

“சும்மா வாங்க, வாத்தியாரய்யா. கண்டிச் சீமையில இருந்து வாரீங்க, ஒறம்பரையப் பொட்டி தூக்க உடலாமுங்களா?”

ஒறம்பரை என்றால் விருந்தாளி. இலங்கை முழுவதும் அவர்களுக்குக் கண்டிதான். அடுத்த பத்து நாளும் எவ்வளவு சொல்லியும் நான் கண்டிக்காரனாகவே இருந்தேன். போகிற ஊரிலெல்லாம் தேயிலைத் தோட்டத்துக்குப் போன அண்ணனையோ மாமனையோ பார்த்தீர்களா என்று யாராவது ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பசி. ரயிலடிக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. உள்ளே போனேன். சந்தகை என்று கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தால் நம்முடைய இடியாப்பம்தான். ஆனால் நாம் மாவைப் பிழிந்து அவிக்கிறோம், இவர்கள் அவித்ததைப் பிழிகிறார்கள். நமக்குச் சொதி, இவர்களுக்கு வெல்லம் கலந்த தேங்காய்ப்பால். இரண்டு தட்டு சாப்பிட்டு, காப்பியும் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், உபதேசியார் என் பக்கத்தில் இல்லை. வாசலுக்கு வெளியே, என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்கள் ஏன் வரவில்லை?”

“இருக்கட்டுமுங்க. எனக்குப் பசியில்லீங்க.”

நான் நம்பினேன். அப்படி எழுதுவதைவிட, நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்று எழுதுவதுதான் சரி. என் பையிலிருந்த ஐந்தாம் பாடம், அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப் போன இரண்டு பேரைப் பற்றியது.

பெருந்துறைப் பக்கம் ஒரு சிற்றூரில் முதல் கூட்டம். அந்தப் பூமியைக் கண்டதும் எனக்கு மனம் ஒடுங்கிப்போனது. மூன்று வருஷமாகச் சரியான மழையில்லை என்றார்கள். சோளக்காட்டில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சோளத்தட்டு நின்றது. எருதுகள் கிணற்றடியில் முன்னும் பின்னுமாக நடந்து தோல்பறியில் நீர் இழுத்துக்கொண்டிருந்தன. பத்துத் தடவை இழுத்தால் ஒரு வாய்க்கால் நனைந்தது. யாழ்ப்பாணமும் ஆறில்லாத ஊர்தான், ஆனால் எங்களுக்குப் பதினைந்து முழத்தில் தண்ணீர் கிடைக்கும். இங்கே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது அடியில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வானம் தெரிந்தது.

கடலில் எழுந்த புயலைக் கிறிஸ்து அதட்டி அடக்கிய கதையைச் சொன்னேன். ‘திங்கட்கிழமை: உன் படகில் அவர் இருக்கிறார், பயப்படாதே.’ எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். முடிவில் ஒரு விவசாயக் கூலி எழுந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்.

“ஏனுங்க, அங்க மழையும் காத்தும் நொம்ப அடிச்சுது, நிறுத்துனாருங்க. செரி. நிறுத்தத் தெரிஞ்சவருக்கு வரவெக்கத் தெரியாதுங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. கேலியாகவும் கேட்கவில்லை அவர். நான் விசுவாசத்தைப் பற்றி ஏதோ நீளமாகச் சொன்னேன். அவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருட்டுமுன் எங்களுக்குக் கம்பஞ்சோறும் கொள்ளுக் கடைசலும் கொடுத்தார்கள். அந்த வீட்டில் அன்று வேறு யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள் இப்படியே போயின. ஒரு ஊரில் ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையைச் சொல்ல வாயெடுத்து, முன்னால் இருந்த பிள்ளைகளின் விலா எலும்பைப் பார்த்துவிட்டு வேறு கதைக்குப் போனேன். இன்னொரு ஊரில் விதைக்கிறவன் கதை. விதையைத் தின்றுவிட்டோம் என்று ஒரு பெண் சொன்னாள். சொல்லிவிட்டுத் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். என் பாடங்களில் எந்த இடம் விளங்கவில்லை என்று குறித்துக்கொள்ளக் கையில் பென்சில் வைத்திருந்தேன். எல்லாமே அவர்களுக்கு விளங்கியது. அதுதான் சிக்கல்.

சனிக்கிழமை காங்கேயத்திலிருந்து பஸ். இருபது பேர் ஏறவேண்டிய வண்டியில் முப்பத்தைந்து பேர், இரண்டு ஆடு. பாதி வழியில் வண்டியின் மூக்கிலிருந்து புகை வந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடினார். அங்கே நீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் எருதுகளை நிறுத்திவிட்டுத் தகரத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். “வண்டிக்குத் தாகமுங்களா? இன்னொரு தகரம் கொண்டு போங்க” என்று சிரித்தார்கள். மாசிலாமணியும் தண்ணீர் கேட்டார். அவரைக் கீழே குந்த வைத்து, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தச் சொல்லி, உயரத்திலிருந்து ஊற்றினார்கள். பாதி முழங்கை வழியாக மண்ணில் வழிந்தது. பஸ்ஸுக்குத் தாகம் எடுத்த வேடிக்கையை என் மனைவிக்கு எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மற்றது எனக்கு எழுதத் தோன்றவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊர் வெள்ளகோவிலிலிருந்து தெற்கே ஏழெட்டு மைல். பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே சேரி. பதினெட்டுக் குடும்பம், எல்லாம் கிறிஸ்தவர்கள். ஓலை வேய்ந்த ஒரு ஜெபக்கூடம். அவர்களுக்கென்று இருந்த ஒரே ஊற்றுக்குழி தை மாதமே வற்றிவிட்டதாம். நிலமெல்லாம் பெரிய பண்ணாடி ஒருவருடையது. பண்ணாடி என்பது அந்தப் பக்கத்தில் பண்ணைக்காரருக்கு மரியாதைச் சொல். அவருடைய தோட்டத்துக் கிணற்றில் மட்டும் நீர் இருந்தது. சேரிப் பெண்கள் விடியற்காலையிலேயே போய்க் கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பண்ணை வேலை முடிந்து ஆட்களுக்கு எப்போது மனது வருகிறதோ அப்போது சேந்தி ஊற்றுவார்கள். சில நாள் நடுப்பகல் ஆகும்.

ஞாயிறு மாலை, கிணற்றடியில் சமாரியப் பெண்ணைக் கிறிஸ்து சந்தித்த கதையைச் சொன்னேன். என் பாடங்களிலேயே அதுதான் சிறந்தது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் கெட்டுப்போன வாழ்க்கை, ஊராருக்கு வெட்கப்பட்டு அவள் உச்சிவெயிலில் ஒளிந்து வந்தது, ஆண்டவர் அவளுடைய பாவத்தை அவளுக்கே காட்டி ஜீவத்தண்ணீர் தந்தது. பிறகு ‘திங்கட்கிழமை’யைக் குரல் உயர்த்தி வாசித்தேன்: “வெட்கத்தை விடு. தலை நிமிர்ந்து உன் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போ. உனக்கு முன்பே ஆண்டவர் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.”

முன்வரிசையில் ஒரு பெண் இருந்தாள். சாலம்மாள். முப்பது வயதிருக்கலாம். புருஷன் ஆசீர் பண்ணையில் எருது ஓட்டுபவன். கதையின் தொடக்கத்திலிருந்தே அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாத்தியாரய்யா, அவரு முதல்ல அந்தம்மாகிட்டத் தண்ணி கேட்டாருன்னீங்க.”

“ஆமாம்.”

“அந்தம்மா கொடுத்தாங்களா?”

கொடுத்திருப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சந்தேகம் வந்தது. வேதத்தைத் திறந்து அந்த அதிகாரம் முழுவதையும் விரலால் ஓட்டிப் பார்த்தேன். இருபது வருஷமாக இந்தக் கதையைக் கற்பித்திருக்கிறேன். அவர் கேட்டார் என்று இருக்கிறது. அவள் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள் என்று இருக்கிறது. அவர் குடித்தார் என்று எங்கேயும் இல்லை.

“எழுதியிருக்கவில்லை” என்றேன்.

“ஐயோ” என்றாள் அவள். “வெயில்ல நடந்து வந்தவருங்களே.”

கூட்டம் கலையும்போது ஒரு சொம்பில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கலங்கலாக இருந்தது. எனக்குத் தாகமில்லை என்றேன். என் கூடையில், காங்கேயத்தில் காய்ச்சி ஊற்றிய நீர் குடுவையில் இருந்தது. காலரா பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தானா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு அதைக் கூடத்து மூலையிலிருந்த பானையில் சிந்தாமல் திரும்ப ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலை நானும் மாசிலாமணியும் பக்கத்து ஊருக்கு நடந்து போய்விட்டோம். மதியம் திரும்பி வந்தபோது சேரிக்குள் நுழைகிற இடத்திலேயே உடைந்த மண்குடங்கள் கிடந்தன. பெண்கள் கூடி நின்றார்கள்.

நடந்தது இதுதான். காலையில் எல்லோரும் வழக்கம்போலக் குடம் வைத்துக் காத்திருந்தபோது, சாலம்மாள் தன் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். அங்கே கிடந்த கயிற்றை எடுத்துத் தானே சேந்தியிருக்கிறாள். ஒரு குடம். பண்ணை ஆட்கள் முதலில் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டதற்கு, “ஆண்டவரு அங்க உக்காந்திருக்கறாருன்னு வாத்தியாரு சொன்னாருங்க” என்றாளாம்.

அவளை அடிக்கவில்லை. வரிசையிலிருந்த குடங்களை எல்லாம் உடைத்தார்கள். எருது ஓட்டிக்கொண்டிருந்த ஆசீரை இழுத்துப்போட்டுச் சாட்டைக் கம்பால் அடித்தார்கள். கிணறு தீட்டாகிவிட்டது, இனிச் சேரிக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

ஆசீர் குடிசைக்குள் குப்புறக் கிடந்தான். தோள் வீங்கிக் கறுத்திருந்தது. சாலம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அவள் முகத்தில் பயமோ கோபமோ இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன், அதைக் கேட்கத் தயாராக இருக்கிறேன் என்பதுபோல நின்றாள்.

தண்ணீருக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு கல்லுக்குழி இருந்தது. கல் வெட்டிய பள்ளத்தில் பச்சையாகத் தேங்கிய நீர். செவ்வாய்க்கிழமை அதைக் குடித்தார்கள். செவ்வாய் மாலையே இரண்டு கைக்குழந்தைகளுக்கு வயிறு கழிய ஆரம்பித்தது. நான் என் குடுவையில் மீதியிருந்ததைக் கொடுத்தேன். அது ஆளுக்கு நாலு வாய்க்குக்கூடக் காணவில்லை. போதகருக்குக் கடிதம் எழுதினேன், ஆனால் பதில் வர மூன்று நாளாவது ஆகும். புதன்கிழமை காலை ஒரு குழந்தையின் கண்கள் உள்ளே போயிருந்தன.

அதன் தாய் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கூட நாலைந்து பேர்.

“நீங்க ஒருக்கா பண்ணாடியப் போய்ப் பாருங்க, வாத்தியாரய்யா. நீங்க சொன்னாக் கேப்பாருங்க. எங்களுக்குப் பொஸ்தகமெல்லாம் வேண்டாமுங்க. தண்ணி உடச் சொல்லுங்க.”

போனேன். மாசிலாமணி தோட்டத்து வேலி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டார்.

பண்ணாடி அறுபது வயதுக்காரர். நல்ல வெள்ளை வேட்டி, காதில் கடுக்கன், மிக மென்மையான குரல். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

“வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. ஏனுங்க நிக்கறீங்க, உக்காருங்க.”

நாற்காலி வந்தது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், “தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். எங்கள் வீட்டில் என் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டோம். ஆனாலும் அவர் கேட்டதற்கு என்ன விடை என்று எனக்குத் தெரிந்திருந்தது, அது உடனே வாயில் வந்தது. “வேளாளர்” என்றேன்.

“பார்த்தாலே தெரியுதுங்க” என்று அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். பித்தளைச் செம்பில் மோர் வந்தது. கொத்தமல்லியும் உப்பும் போட்ட, குளிர்ந்த மோர். குடித்துவிட்டேன். கீழே வைத்த பிறகுதான் சாலம்மாள் நீட்டிய சொம்பு நினைவு வந்தது.

அவர் சொன்னார்: “எனக்கு அந்தப் புள்ளை மேல கோவமில்லீங்க. படிக்காத சனம். நீங்க கெணத்துக்குப் போகச் சொன்னதாச் சொல்றா. நீங்க அப்படிச் சொன்னீங்களா?”

“நான் சொன்ன கிணறு வேறு. அது உள்ளத்தைப் பற்றிய பேச்சு. ஆத்துமாவின் தாகம்.”

“அப்ப இந்தக் கெணத்துக்குப் போகச் சொல்லலீங்க.”

“இல்லை.”

“அவ்வளவுதானுங்க.” அவருக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. “அதையே பொழுதோட சாவடி முன்னால எல்லாரும் கேக்கச் சொல்லிப்போடுங்க. அவிய ரெண்டு பேரும் வந்து உழுந்து கும்பிட்டுப் போகட்டும். நாளைக்கே தண்ணி உடச் சொல்றேன். குழந்தைக சாகறத நான் பாத்துட்டு இருப்பனுங்களா?”

“குழந்தைகள் நாளைவரை தாங்காது” என்றேன்.

அவர் சிறிது யோசித்து, “அப்ப இன்னைக்கு மத்தியானமே வெச்சுக்கலாமுங்க” என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மத்தியானம் ஊர்ச்சாவடி முன்னால் கூட்டம். ஊரார் நிழலில். சேரிக்காரர்கள் வெயிலில், அவர்களோடு மாசிலாமணியும். ஆசீரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் நடுவில் நின்றேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். நான் சொன்னது பழைய காலத்துக் கதை என்றேன். அந்தத் தேசம் வேறு, அந்த வழக்கம் வேறு என்றேன். கிணறு என்று நான் சொன்னது மனத்தை, ஆண்டவர் உட்கார்ந்திருப்பதும் மனத்தில்தான், யாரையும் எந்தக் கிணற்றுக்கும் போகச் சொல்லவில்லை என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தப் பாடத்தை எழுதியபோது நான் நினைத்தது அதைத்தான்.

ஆசீர் மண்ணில் விழுந்தான். சாலம்மாள் முழங்காலிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்துக் குனிந்தாள். குனியும்வரை அவள் கண்கள் என்மேலேயே இருந்தன.

அன்று மூன்று மணிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பெண்கள் என்னைச் சுற்றி வந்து, நல்ல காரியம் பண்ணுனீங்க, ஆண்டவரு உங்களைக் கொண்டாந்தாரு என்றார்கள். ஒரு குழந்தை தேறியது. கண் உள்ளே போயிருந்த குழந்தை வியாழக்கிழமை விடிந்த பிறகு செத்துப்போயிற்று. பெண் குழந்தை. மாசிலாமணிதான் அடக்க ஆராதனை நடத்தினார். என்னை ஜெபம்பண்ணக் கேட்டார், என்னால் முடியவில்லை.

புறப்படும்போது சாலம்மாள் வந்தாள். தலையில் குடம். நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

“ஒண்ணு கேக்கோணுமுங்க. கெணறுன்னது மனசுன்னீங்க. செரிங்க. மிச்சக் கதையெல்லாமும் அப்படித்தானுங்களா?”

“எந்தக் கதை?”

“குருடருக்குக் கண்ணு தெரிஞ்சுதுன்னீங்க. செத்தவரு மூணாம் நாளு எந்திரிச்சு வந்தாருன்னீங்க. அதெல்லாமும் மனசுலதானுங்களா?”

“இல்லை அம்மா. அது நடந்தது.”

“அதெப்படீங்க தெரியும், எது நடந்தது எது மனசுன்னு?”

அவள் விடைக்காகக் காத்திருந்தாள். குடம் தலையில் கனத்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. “செரிங்க, பத்திரமாப் போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

பஸ் காங்கேயத்தைத் தாண்டிய பிறகு, மாசிலாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க, வாத்தியாரய்யா. அந்தக் கதையில ஆண்டவரைத் தண்ணி கொடுக்கறவரா வெச்சுச் சொன்னீங்க. நாங்க அப்படிக் கேக்கலீங்க.”

“எப்படிக் கேட்டீர்கள்?”

“கயிறு இல்லாம, குடம் இல்லாம, அடுத்தவங்க கெணத்தடியில நின்னது யாருங்க? அவருதானுங்களே. சேந்திக்க வழியில்லாம, வர்றவங்களப் பாத்து ஊத்தச் சொல்லிக் கேட்டாரு. தொட்டாத் தீட்டுன்னு நெனைக்கிற எடத்துல கேட்டாரு. எங்க பொம்பளைங்க தெனமும் அப்படித்தான் நிக்கறாங்க. சாலம்மா அவரப் பாக்கத்தானுங்க போச்சு. தண்ணிக்குக்கூட இல்லீங்க.”

பன்னிரண்டு பாடம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் கிறிஸ்து எங்கே என்று ஒரு பகுதி எழுதினேன். எல்லாவற்றிலும் அவரை என் பக்கத்தில், கொடுக்கிற இடத்திலேயே நிற்க வைத்திருந்தேன். வெளியே நிற்கிறவர்களின் வரிசையில் ஒரு தடவைகூட அவரைத் தேடவில்லை. பெருந்துறையைத் தாண்டிய பிறகு, “உங்களுக்கு என்மேல் கோபம் இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்குதுங்க” என்றார் மாசிலாமணி. “ஆனா நானும் அங்கதானுங்களே நின்னேன். நானும் வாயத் தொறக்கலீங்களே.”

கோயமுத்தூர் ஆலைச் சங்கும் ஜனமுமாக இரைந்துகொண்டிருந்தது. தெருக்குழாய்களில் மலைத் தண்ணீர் வந்தது, தித்திப்பாக. குழாயடியில் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதுக்கு நன்றாக இருந்தது. போதகர் நல்ல மனுஷர். நடந்ததைக் கேட்டுக் கண்கலங்கினார். உடனே அந்தச் சேரியில் ஒரு கிணறு வெட்டப் பணம் திரட்டவேண்டும் என்றார். பிறகு என் கையெழுத்துப் பிரதியைப் புரட்டி, கிணற்றுப் பாடத்தில் நிறுத்தினார்.

“இதை எடுக்கவேண்டாம், வாத்தியார். ‘திங்கட்கிழமை’யில் மட்டும் ‘இருதயமாகிய கிணற்றடிக்கு’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.”

நான் அந்தப் பாடத்தைப் பிரதியிலிருந்து உருவி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். மற்ற பதினொன்றையும் அவரிடமே விட்டுவந்தேன். அவற்றையும் எடுத்திருக்கவேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் செல்லி நின்றாள், இடுப்பில் குடத்துடன். எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் குடியிருப்பவர்களில் ஒருத்தி. இருபது வருஷமாகத் தினமும் அங்கேதான் நிற்கிறாள். என் மனைவியோ நானோ துலாவை இழுத்து அவள் குடத்தில் ஊற்றுவோம். முகம் சுளிக்காமல் ஊற்றுகிறவர்கள் என்று எங்களுக்கு நல்ல பெயர்.

“உள்ளே வா, செல்லி” என்றேன்.

வந்தாள். துலாக் கயிற்றை அவள் பக்கம் நீட்டினேன். அவள் கயிற்றைப் பார்த்தாள். பக்கத்து வளவு வேலியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன ஐயா செய்யிறியள்? சனம் பாக்குது.”

“பார்க்கட்டும். நீயே அள்ளு.”

“நீங்கள் சொல்லுவியள். நாளைக்கு என்ர மனுசனுக்கு அடி விழுந்தால் நீங்கள் வருவியளோ?”

வருவேன் என்று சொல்ல வாய் திறந்தேன். சாவடி முன்னால் நான் நின்ற இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவள் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றாள். நான் துலாவை இழுத்து அள்ளி, அவள் குடத்தில் ஊற்றினேன்.